பதிலுக்கு நின்றவள்

ஜெயரூபிக்கு நாற்பத்து நான்கு வயது. இந்த நேர்முகத்தைத் தவறவிட்டால் வயதெல்லை தாண்டிவிடும்; பிறகு நிரந்தர நியமனம் என்ற கதையே இல்லை. ஒன்பது வருடமாகக் கப்பல்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக ஆங்கிலம் படிப்பிக்கிறாள். தொண்டர் என்று பேர் வைத்தவர்கள் அவளுக்கு வயிறும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போல. அது கிடக்கட்டும்.

துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த கல்விக் கந்தோரின் மேல்மாடியில் அவளுடைய முறை வந்தபோது மணி பதினொன்று. மேசைக்கு அப்பால் சிவகுருநாதன் என்ற அதிகாரி. பொல்லாத மனுசன் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருப்பதைத்தான் நம்புவார். முதலில் ஆங்கிலம் சோதித்தார்.

"ஒராளுக்குப் பதிலா இன்னொராள் கொஞ்சக் காலம் நிண்டா, அதுக்கு இங்கிலீசில என்னென்ன சொல்லு இருக்கு?"

இதைக் கேட்க வேறு ஆள் கிடைக்கவில்லையா! பத்தாம் வகுப்புக்கு வருடாவருடம் அவள் கரும்பலகையில் எழுதிப்போடுகிற பாடம். மளமளவென்று சொன்னாள். டொக்டருக்குப் பதிலாக வருபவர் லோக்கம். பெரிய கதிரையில் தற்காலிகமாக இருப்பவர் அக்டிங். மேலதிகாரிக்காகக் கூட்டத்துக்குப் போனால் டெப்யூட்டைஸ். ஆளுக்கும் பொருளுக்கும் பொதுவாகச் சப்ஸ்டிட்யூட். நல்லது கிடைக்கும்வரை ஒப்பேற்றுகிற ஆளோ சாமானோ ஸ்டொப்கேப். வராத ரீச்சரின் பாடத்தை எடுத்தால் ரிலீஃப்.

"வெரி குட்!" என்றார். ஜெயரூபிக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வரவழைத்திருந்த பாடப் பதிவுப் புத்தகங்களைத் திறந்தார். தொண்டர்களுக்கு ஆசிரியர் வரவுப் புத்தகத்தில் இடமில்லை. பாடம் முடிய, என்ன படிப்பித்தோம் என்று எழுதிக் கையெழுத்து வைக்கிற இந்தப் புத்தகம்தான் அவர்கள் வேலை செய்ததற்கு ஒரே சாட்சி.

"பிள்ளை, போன ரெண்டு வருசமும், இருபத்திரண்டிலயும் இருபத்திமூண்டிலயும், உங்கட பேர் ஒரு இடத்திலயும் இல்லையே? தொடர் சேவை எண்டு எப்பிடி எடுக்கிறது? எங்க நிண்டனீங்கள்?"

அங்கேதான் நின்றாள். அந்தப் பக்கங்களெல்லாம் அவள் கைபட எழுதியவை. அதே பள்ளிக்கூடத்தில் நிரந்தர ஆங்கில ஆசிரியையான சித்தி பரீதா என்ற ரீச்சரின் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோக வேண்டியிருந்தது. லீவெல்லாம் முடிந்துவிட்டது. ரீச்சர் காலையில் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு எட்டு மணிக்கே பின்வாசலால் போய்விடுவார். பாடத்தை ஜெயரூபி எடுப்பாள். ரீச்சர் வகுப்பில் நின்றதாகக் காட்ட அவருடைய பேரையே எழுதி, அவருடைய கையெழுத்தையும் தானே போட்டாள். மற்ற நாட்களில் எழுத்து மாறினால் பிடிபடும் என்று எல்லா நாளும் அப்படியே எழுதினாள்; அவளுக்கென்று வேறு வகுப்பும் அப்போது இருக்கவில்லை. என்ன கெட்டித்தனம்! தன் பேரைத் தானே துடைத்துக்கொண்ட கெட்டித்தனம்.

உண்மையைச் சொன்னால் ரீச்சரின் வேலை போகும். அந்தச் சம்பளத்தில்தான் அவர் கணவரின் உயிர் ஓடுகிறது.

"சுகமில்லாமல் இருந்தனான், சேர்."

"ரெண்டு வருசமோ?"

"ஓம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஏலாது, பிள்ளை. நாலு மணிக்குப் பட்டியல் போயிடும். அதுக்குள்ள, நீங்கள் பள்ளிக்கூடத்திலதான் நிண்டனீங்கள் எண்டு யாராவது வந்து சாட்சி சொன்னாப் பாப்பம்."

கீழே வாகைமர நிழலில் சித்தி பரீதா ரீச்சர் நின்றிருந்தார். மனம் கேளாமல் வந்தவர், மேலே வரத் துணியாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"சொன்னீங்களா?"

"இல்லை."

ரீச்சர் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சுத்தான் ஜெயரூபியைச் சுட்டது.

"அல்லாஹ் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், தங்கச்சி. நாளைக்கும் அவரைக் கொண்டுபோகணும். என்ட பத்தாம் வகுப்ப..."

"எடுக்கிறன், ரீச்சர். ஆனா இனிமேல் என்ர பேரைத்தான் எழுதுவன்."

ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ரெண்டு வருசத்துக்கும் என்ன சொன்னீங்க?"

"சுகமில்லாமல் இருந்தனான் எண்டு."

"நீங்க? சுகமில்லாம?" ரீச்சரின் கண் நிறைந்துவிட்டது. முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். "அந்த சேர் எத்தின மணி மட்டும் இருப்பாரு?"

"நாலு."

ரீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். ஐந்தாம் படியில் நின்று திரும்பிப் பார்த்தார். ஒரு சொல் போதும், இறங்கி வந்துவிடுவார். வேண்டாம் ரீச்சர் என்று சொல்ல ஜெயரூபிக்கு வாய்வரை வந்தது. ரீச்சரின் கணவர் தங்கள் முற்றத்து மாம்பழத்தைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டு அவளுக்கு அனுப்புவது நினைவுக்கு வந்தது. தன் நாற்பத்து நான்கு வயதும் நினைவுக்கு வந்தது.

அவள் முகத்தைத் துறைமுகத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். செருப்புச் சத்தம் மேலே ஏறியது, மாடியில் நடந்தது, ஒரு கதவு திறந்து மூடியது. அதுவரைக்கும் அவள் கூப்பிடவில்லை.