செமிட்டிக்: உதாரணம் தருக

...சரிதான், விடைக்குறிப்பின்படி சரிதான், இரண்டுக்கு இரண்டு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்க வேண்டியதுதான், இதில் என்ன தயக்கம், ஆனால் சாஜிதா பேகத்தின் சிவப்புப் பேனா அந்த வரிக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. 'செமிட்டிக் இனத்தவர் யார்? உதாரணம் தருக.' ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, வரலாறு. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் அவள் வகுப்பில் சொன்னதை அப்படியே ஒப்பித்திருந்தார்கள், யூதர், அராபியர், முஸ்லிம்கள்... தேஜஸ்ரீ மட்டும் ஒரு படி மேலே போய், முத்து முத்தான எழுத்தில், ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தாள்: 'உதாரணம், எங்கள் வரலாற்று ஆசிரியை சாஜிதா பேகம் அவர்கள்.' அவர்களாம். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. கோபம் வந்தது, நன்றாகவே வந்தது, ஆனால் யார்மேல்? அந்தக் குழந்தை என்ன செய்யும்? ஆர்.எஸ்.புரத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆறு வருஷமாக, திருமூர்த்தி சார் ஓய்வு பெற்றபோது விட்டுப்போன பழுப்பேறிய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, எழுதிக்குங்க பிள்ளைகளா, கமா, முற்றுப்புள்ளி, என்று சொன்னது யார் வாய்? முஸ்லிம்கள் என்று படித்தபோது ஒரு தடவையாவது நாக்கு தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லை. போர்ஷன் முடிக்கிற அவசரம்.

மத்தியானம் சாப்பிடாமல் நூலகத்துக்கு ஓடி, தூசி தட்டி அந்தத் தடித்த கலைக்களஞ்சியத்தைப் பார்த்தாயிற்று. பிரளயத்துக்குக் கப்பல் கட்டிய நூஹ் நபியின் மகன் சாம், அந்தப் பெயரிலிருந்து ஜெர்மன்காரர்கள் எடுத்துக் கட்டிய சொல்லாம், இருநூற்றுச் சொச்சம் வருஷப் பழசுதான்... ஒரு மொழிக் குடும்பத்துக்கு வைத்த பெயர், அவ்வளவுதான். அரபி, எபிரேயம், எத்தியோப்பியாவில் பேசுகிற அம்ஹாரிக். அப்படியென்றால் அம்ஹாரிக் பேசுகிற கிறிஸ்தவர் அந்தக் கணக்கில் வருவார், பாரசீகம் பேசுகிற முஸ்லிம் வரமாட்டார், துருக்கிக்காரர் வரமாட்டார்... கோட்டைமேட்டில் தையல் மிஷின் மிதித்து இவளைப் படிக்கவைத்த ரசாக்கின் மகள் எப்படி வருவாள்? மொழிக்கு வைத்த பெயரைத் தூக்கி இனத்துக்கு ஒட்டி, இனத்திலிருந்து பிய்த்து மதத்துக்கு ஒட்டி, கடைசியில் அது இவள் நெற்றியில் வந்து ஒட்டிக்கொண்டது. குர்ஆன் ஓதத் தெரியும், அலிஃபிலிருந்து தொடங்கி ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதுவாள், பொருள் கேட்டால் விழிப்பாள். அத்தா இறந்து, மய்யித்தைத் தூக்கியபோது என்ன சொல்லி அழுதாள்? என்னப் பெத்த அத்தா, என்றுதான். தேஜஸ்ரீ வீட்டில் தெலுங்கு பேசுகிறாள், அவளை யாராவது எந்தத் தேசத்துக்காவது உதாரணம் காட்டுகிறார்களா? சீ, குழந்தையோடு போய்ப் போட்டி.

"ஏனுங்க டீச்சர், சோத்து டப்பாவத் தொறக்கவே இல்லீங்களா?" பக்கத்து மேஜைக் கனகம் டீச்சர், தமிழ் எடுப்பவர், எட்டிப் பார்த்தார். தாளையும் பார்த்துவிட்டார். சிரித்தார். "அட, புள்ள சரியாத்தானுங்க எழுதியிருக்குது? நீங்க அதுதானுங்களே?"

நீங்க அதுதானுங்களே. குத்தல் இல்லை, கேலி இல்லை, நீங்க சிங்காநல்லூர் பஸ்ஸுதானுங்களே என்பது மாதிரி ஒரு கேள்வி. வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கனகம் டீச்சரிடம் எப்படிப் போடுவது? போன வருஷக் கடைசியில் கலவரத்தில் ஊர் பற்றி எரிந்தபோது, பஸ் இல்லை, கோட்டைமேட்டுப் பக்கம் போக வழியில்லை, வாங்க அம்மணி, என்று கையைப் பிடித்துச் சிங்காநல்லூரில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவர். இரண்டாம் நாள் சாயங்காலம் கேட்டருகே நாலு பேர், ஊட்டுல புதுசா யாருங்க, என்று. "எங்க சின்னம்மா மவளுங்க," கனகம் டீச்சர் கண் இமைக்காமல் சொன்னார். அதில் ஒருவன் இவளைப் பார்த்து, "எந்த ஊருங்க?" என்றான். "வெள்ளகோவிலுங்க. பஸ்ஸு இல்லாமப் போச்சுங்க, இல்லாட்டி நேத்தே போயிருப்பேனுங்க." கரூர் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, வெள்ளகோவிலில் கால் வைத்ததுகூட இல்லை. ஆனால் பேச்சில் ஒரு பிசிறு கிடையாது, ஏன் இருக்கும், அவள் வாயில் வேறு பேச்சே இல்லையே... நம்பினார்கள். பார்த்து இருங்க, என்று நல்லபடியாகச் சொல்லிவிட்டுக்கூடப் போனார்கள். அப்போதுதான் கை தானாகத் தலைக்குப் போனது, முக்காடு இல்லை, காலையிலேயே எடுத்தாயிற்று, நெற்றியில் கனகம் டீச்சர் வைத்த பொட்டு. அந்தப் பொய்யில்லாவிட்டால் இன்று இந்தச் சிவப்புப் பேனா இல்லை. இப்போது அதே மனுஷி கேட்கிறார், நீங்க அதுதானுங்களே.

"பாக்கலாமுங்க," என்றாள் சாஜிதா. இதென்ன பதில்? பேனாவை மூடினாள். முழு மதிப்பெண் போட்டால் அது பாடமாகிவிடும், நாற்பது வீடுகளுக்குப் போகும், அந்த நாலு பேரின் பிள்ளைகள்கூட எங்கேயாவது இதே விடையைத்தான் எழுதிக்கொண்டிருக்கும். தப்புப் போட்டால், சொன்னதைக் கேட்ட பிள்ளைக்குத் தண்டனை. எழுந்து நின்று, நான் அது இல்லை என்று சொன்னால்... குண்டுகள் வெடித்த இந்த வருஷத்தில், இந்த ஊரில்? பயந்துபோய் மழுப்புகிறாள் என்பார்களோ? ஜமாஅத்தில் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்? ஒரு சொல்லுக்கு இவ்வளவு கிடுகிடுப்பா? மணி அடித்தது. கடைசிப் பீரியட். ஒன்பதாம் வகுப்பு. தாள் கட்டைக் கையில் எடுத்தபோது அது கனத்தது, ஆமாம், பயமாகத்தான் இருந்தது.

"இந்தக் கேள்விக்கு நான் குடுத்த நோட்ஸ் தப்பு. எல்லாரும் அடிச்சிருங்க," என்றாள் கரும்பலகை முன் நின்று. "செமிட்டிக்குங்கறது ஒரு மொழிக் குடும்பத்தோட பேரு. மதத்தோட பேரு இல்ல. நான் தமிழ் பேசறவ. நான் செமிட்டிக் இல்ல." சளசளவென்று நோட்டுகள் திறந்தன, ஸ்கேல்கள் வந்தன, அடித்தார்கள், அவள் முற்றுப்புள்ளி என்றால் வைப்பது போலவே. தேஜஸ்ரீ மட்டும் எழுந்து நின்றாள், கண் நிறைந்திருந்தது. "அப்ப எனக்கு மார்க்கு போயிருமுங்களா டீச்சர்?"

"போகாது கண்ணு, தப்பு என்னோடது. உக்காரு." உட்கார்ந்தாள், சிரித்துக்கூட விட்டாள், முடிந்தது, இவ்வளவுதான், இதற்கா ஒரு நாள் முழுக்க... நிம்மதி வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை? நான் செமிட்டிக் இல்லை, அந்தக் குரல் காதிலேயே நின்றது, எங்கேயோ கேட்ட குரல், தணிந்து, அவசரமாக, எதிரில் இருப்பவர்கள் நம்பிவிட வேண்டுமே என்று... வெள்ளகோவிலுங்க. அது பொய், இது உண்மை, கலைக்களஞ்சியத்தில் அச்சில் இருக்கிற உண்மை. இரண்டையும் ஒரே குரலில் எப்படிச் சொன்னாள்? பிள்ளைகள் அடுத்த வரிக்காகப் பேனாவோடு காத்திருந்தார்கள். சாக்பீஸ் பிடித்த கை தானாகத் தலைக்குப் போனது, முக்காடு இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது.