பதில் வராத விமானம்

இரண்டு விமானங்களும் மோதின. ஒருவரும் சாகவில்லை, விமானக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கூடத்து ரேடார் திரையில் இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். செத்தது தாரிகாவின் முதல் பரீட்சை.

“இறங்கச் சொன்னீங்க. பைலட் பதில் சொன்னாரா?” பயிற்றுநர் சப்ரி கேட்டார்.

“இல்லை சேர்.”

“பின்ன எப்படி அடுத்த பிளேனுக்குப் போனீங்க, அவருக்குக் கேட்டுச்சா இல்லையாண்டு தெரியாம? நாளைக்கு மறுபடி. அதையும் விட்டா கொன்ட்ரோலர் வேல இல்ல. நேரா வீட்டுக்குத்தான்.”

வாசலில் கூடப் படிக்கும் பர்ஹா காதைக் கடித்தாள். “நீ பிளேனோடயா கதைக்கிற, செவரோடயா?”

கேலிதான். ஆனால் சுருக்கென்று தைத்தது. உண்மையும் அதுதானே! வெள்ளவத்தை வாடகை அறையில் கட்டில் விரிப்பே அவளுக்கு வானம். சோடாப் போத்தல் மூடிகள் விமானங்கள். சுவரைப் பார்த்துக் கட்டளையிடுவாள். சுவர் பதில் சொன்னால்தானே காத்திருக்க? அடுத்த மூடிக்குத் தாவிவிடுவாள்.

அப்பாவிடமும் அப்படித்தான். ‘பொம்பிளைப் பிள்ளைக்கு இராவேலை என்னத்துக்கு?’ என்று யாழ்ப்பாணத்தில் முகம் திருப்பிக்கொண்ட சிவபாதசுந்தரம், அவள் அழைத்தால் போனை எடுப்பார்; வாய் திறக்கமாட்டார். “சுகமா இருக்கிறன், வைக்கிறன்” என்று ஒரே மூச்சில் சொல்லி அவளே வெட்டிவிடுவாள். அந்த மௌனத்தை யார் கேட்டுக்கொண்டிருப்பது?

அன்று மாலை, ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தாள். கரையோர ரயில் போனது. கீழ் வீட்டில் குக்கர் விசிலடித்தது. பிறகு ஒன்றுமில்லை. இத்தனை பெரிய கொழும்பில் தன்னைக் கூப்பிட ஒரு குரல் இல்லை என்பது அப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது. ஆனாலும் அடுத்த மூடியைத் தொடவில்லை.

மறுநாள். அதே இரண்டு புள்ளிகள்.

இறங்கச் சொன்னாள். பதில் இல்லை. திரும்ப அழைத்தாள். ம்ஹூம்! மற்ற விமானத்தை வழியிலிருந்து விலக்கினாள். அது உடனே ஏற்றுப் பதில் சொன்னது. பிறகு ஊமை விமானத்திடம் ஆங்கிலத்தில், நிதானமாக: “நான் சொல்வது கேட்டால் இடப்பக்கம் திரும்புங்கள்.”

காத்திருந்தாள்.

புள்ளி மெல்ல இடப்பக்கம் வளைந்தது!

“பேச ஏலாதவனுக்கும் காது இரிக்கும்,” என்றார் சப்ரி. “நீங்க பாஸ்.”

அறைக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் வழக்கமான மௌனம்.

“அப்பா, நான் பாஸ்.”

ஒன்றுமில்லை. விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது, நின்றது.

“நான் சொல்லுறது கேக்குதெண்டால், போனை மட்டும் வைக்காதேங்கோ.”

கரையோர ரயில் வந்தது, போனது. அழைப்பு அறுபடவில்லை.

தாரிகா கட்டிலில் மூடிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.