நம்ம தாளைப் போட்டுப் பார்

மடிப்பு மெஷின் வாங்கும்போது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வாங்கி முடித்த பிறகு எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்டார்கள்.

எங்கள் அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாக அச்சு மெஷினை ஓட்டுவது நான்தான். தாளை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் போதும், அதன் கனத்தைச் சொல்லிவிடுவேன். முதலாளிக்குத் தாள் வெள்ளையாக இருக்கும் என்பது வரை தெரியும். அவருடைய மச்சானுக்கு அதுவும் சந்தேகம்தான். போன வருஷம் வரை டைல்ஸ் கடை வைத்திருந்தவன். கடை படுத்துவிட்டது. முதலாளியம்மா கண்ணைக் கசக்கினார், முதலாளி அவனைக் கொண்டுவந்து நிர்வாகி என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார். எந்நேரமும் கக்கத்தில் நாலு பளபளப்புப் புத்தகம் வைத்திருப்பான். நாங்கள் அவனுக்குக் கேட்லாக் என்று பெயர் வைத்தோம். புத்தகத்தைப் புரட்டுவான், ஒரு வரி படிக்க மாட்டான். படம் பார்ப்பான்.

மெஷின் தேவை என்பதில் மட்டும் தகராறு இல்லை. மருந்து டப்பாவுக்குள் ஒரு சீட்டு இருக்குமே, எட்டாக மடித்து, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவது, அதுதான் எங்கள் முக்கிய வேலை. வெங்காயத் தோல் மாதிரி தாள். அதை மடிப்பவள் என் அக்கா. உடைந்த மர ஸ்கேல் துண்டு ஒன்றை வைத்து அழுத்தி அழுத்தி, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மடிப்பாள். அவளுடைய வலது கட்டைவிரல் வீங்கி, வலி முழங்கை வரை ஏறிவிட்டது.

"இன்னும் ஆறு மாசம் இப்படியே மடிச்சா, அப்புறம் இந்த விரல் மடங்காதும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் காலையில் தலை பின்னிக்கொள்ள மகளைக் கூப்பிட்டாள். மெஷின் வந்தால் அவள் தாளை அடுக்கிக் கொடுத்து, மடிந்து வருவதைக் கட்டி வைத்தால் போதும். கை பிழைத்துவிடும்.

மெஷின் பார்க்கப் போன அன்று அவள் ஐம்பது தாளை எண்ணி, நூலால் கட்டி என்னிடம் கொடுத்தாள்.

"அவங்க வெச்சிருக்கற தாளுக்கு எல்லா மெஷினும் நல்லாத்தான் மடிக்கும். நம்ம தாளைப் போட்டுப் பாக்கச் சொல்லு. மறந்துடாதடா."

"கேட்லாக் கேப்பானா?"

"அவன் கேக்கலைன்னா நீ சொல்லு. வாய் இருக்குல்ல?"

வாய் இருந்தது. என்னைக் கூட்டிப் போனது வேன் ஓட்டுவதற்கு என்பதுதான் சிக்கல்.

கடையில் இரண்டு மெஷின்கள் நின்றன. ஒன்று சாம்பல் நிறத்தில், பெரிசாக, அழகில்லாமல் இருந்தது. தாளைக் காற்றால் உறிஞ்சி ஒவ்வொன்றாக எடுக்கும். இன்னொன்று சின்னது, வெள்ளை. ரப்பர் உருளை தாளைத் தேய்த்து இழுக்கும். முகப்பில் கலர் திரை வேறு. அலுவலகத்தில் கடிதம் மடிக்க அது தாராளமாகப் போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தாளை ரப்பர் தேய்த்தால் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு போகும், மையை ஈஷிவிடும், மிச்சத்தைக் கசக்கி எறியும். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. கேட்லாக்குக்குத் தெரிந்தது கலர் திரை.

விற்பனையாளன் தன்னுடைய தடித்த தாளைப் போட்டு ஓட்டினான். சடசடவென்று மடிந்து விழுந்தது.

"மணிக்கு இருபதாயிரம், சார்."

எந்தத் தாள், எத்தனை மடிப்பு என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி வாயைப் பிளந்தார். கேட்லாக் தானே கண்டுபிடித்த மெஷின் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏன், பெரிசுல திரை கிடையாதா?" என்றான். மொத்தத்தில் அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

நான் மெதுவாக, "முதலாளி, நம்ம தாளு ரொம்ப மெலிசு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ கொஞ்சம் சும்மா இருப்பா" என்றான் கேட்லாக். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். "ஓட்டறவன் வேற, வாங்கறவன் வேற. வேன் சாவிய வெச்சுக்கிட்டு அப்படி ஓரமா நில்லு."

முன்பின் தெரியாத ஆள் முன்னால் சொன்னான். முதலாளி காதில் விழாத மாதிரி மெஷினைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்றேன். உடம்பெல்லாம் எரிந்தது. வாங்கித் தொலையட்டும், மூக்குடைபடட்டும் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க இனித்தது.

பிறகு நடந்ததைத்தான் சொல்ல நாக்கு எழவில்லை. அந்த விற்பனையாளன், காதில் பூ சுற்றுகிறவன் என்று நான் முடிவு கட்டியிருந்த அதே ஆள், கையெழுத்துக்குத் தாளை நீட்டும் முன்னால் கேட்டான்:

"சார், உங்க தாள் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா? ஒரு தடவை போட்டுப் பாத்துடறது நல்லது."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இருக்காப்பா?"

கட்டு என் தோள்பையில் இருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

"எல்லாம் ஒரே தாள்தான், குடுங்க" என்று கேட்லாக் பேனாவை வாங்கினான்.

அன்று சாயங்காலம் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். "போட்டாங்களா?"

"போட்டாங்க."

"மடிச்சுதா?"

"ம்."

மெஷின் வர மூன்று வாரம் ஆனது. வருகிற அன்று காலையில் அவள் மர ஸ்கேல் துண்டைத் துடைத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள்.

மெஷின் வந்து இறங்கியது. கேட்லாக் ரிப்பன் வெட்டினான், மெஷினோடு போட்டோ எடுத்துக்கொண்டான். அக்கா தாளை அடுக்கிக் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினான். முதல் தாள் ஒழுங்காக வந்தது. அடுத்தது இரண்டாக வந்தது. அதற்கடுத்தது வரவேயில்லை, உள்ளே நசுங்கிக் கிடந்தது. கலர் திரை மட்டும் அழகாகச் சிவப்பில் மின்னியது. கேட்லாக் பேந்தப் பேந்த விழித்தான். அரை மணி நேரம் எனக்குக் கொண்டாட்டம்தான், பொய் சொல்வானேன்.

மெஷின்காரர்கள் அனுப்பிய மெக்கானிக் ஒரு தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு இந்த மெஷின் ஆகாதே. போட்டுப் பாக்கலையா நீங்க?" என்றான். திருப்பி எடுக்க மாட்டார்களாம். கேட்லாக் என்னிடமே வந்து, "உனக்கு ஏதாவது வழி தெரியுமாப்பா?" என்று வழிந்தான்.

மறுநாள் மாலை மருந்துக் கம்பெனி வண்டி வரும். நாற்பதாயிரம் சீட்டு கிடந்தது. அச்சு மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் மடிக்க உட்கார்ந்தோம். கேட்லாக் பதினோரு சீட்டு மடித்தான், போன் வந்ததென்று வெளியே போனான். அக்கா டிராயரைத் திறந்து ஸ்கேல் துண்டை எடுத்தாள்.

மத்தியானத்துக்குள் அவள் கட்டைவிரல் இன்னும் புடைத்துவிட்டது. "உன் பையில தைலம் இருக்காடா?" என்றாள்.

"இருக்கும், பாரு" என்றேன், தலை நிமிராமல்.

திரும்பி வந்தவள் தைலத்தோடு அந்த ஐம்பது தாள் கட்டையும் மேசை மேல் வைத்தாள். அவள் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

"போட்டாங்கன்னு சொன்னியே."

"அந்தக் கேட்லாக் என்னை எவனோ ஒருத்தன் முன்னாடி..."

"அவனுக்குத் தெரியாது, வாங்கிட்டான்" என்றாள். "உனக்குத் தெரியும்."

குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். கேட்லாக்கை நான் எப்படிப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியும். அதே பார்வை.

முடிச்சை அவிழ்க்க அவள் விரல் வளையவில்லை. பல்லால் கடித்து நூலை அறுத்தாள். ஐம்பது தாளையும் என் முன்னால் தள்ளினாள்.

"மடி."

ஒன்றை எடுத்தேன். முதல் தாளே கோணலாக மடிந்தது. அவள் அதை என்னிடமிருந்து வாங்கிப் பிரித்து, ஸ்கேல் துண்டை வைத்து, அந்தக் கையாலேயே அழுத்தி நேராக மடித்துத் தனியாக வைத்தாள்.

"ஒண்ணு" என்றாள்.