ஜோடிக் கூலி

கரும்பு வெட்டப் போகிற இடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு ஜோடி. ஜோடிக்கு ஒரே பெயர், ஒரே கூலி. யார் பெயர் என்று கேட்கவே வேண்டாம், புருஷன் பெயர்தான். திருச்சுழிப் பக்கத்திலிருந்து கடலூருக்கு வெட்டுக்குப் போன தங்கமாரிக்கு அதிலுள்ள கோளாறு, கூலி பாக்கிக்கு எல்லோரும் சேர்ந்து வழக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது.

ஆள் கூட்டிப் போன அருப்புக்கோட்டை ஏஜெண்டு ஜெயபாண்டி, கோர்ட்டில் கூசாமல் ஒரு பதிலைக் கொடுத்திருந்தான். வெட்டியது ஆம்பளைகள் மட்டும்தானாம். பொம்பளைகள் சோறு பொங்க வந்தவர்களாம். அப்படியென்றால் கட்டுக் கட்டி, தலைச்சுமையாகப் பலகையேறி லாரியை நிரப்பியது யார், இவன் பாட்டனா? இதை ஒத்துக்கொண்டால் ஆம்பளைகளின் பாக்கியை உடனே தருவதாக வேறு சொல்லி அனுப்பினான். கடன்பட்ட ஆம்பளைகள் தலையைச் சொறிந்தார்கள்.

"பொம்பளைக சொன்னா, காசுக்காகச் சொல்றாகன்னு தட்டிவிட்ருவாக," என்றாள் அவர்களுடைய வக்கீல் ஃபர்ஹானா. "ஒரு ஆம்பளை வாயால வந்துட்டாப் போதும். ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கூலி வாங்கிரலாம்."

முதல் சாட்சி தங்கமாரியின் புருஷன் நல்லகண்ணு. மதுரை கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸில் காரியாபட்டி தாண்டியும் அவன் இடுப்பைத் தடவிக்கொண்டே வந்தான். கூண்டில் என்ன சொல்லப் போகிறான் என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது. வெட்டுக்குப் போன இரண்டாம் மாதமே அவனுக்கு இடுப்புப் பிடித்துக் குனிய முடியாமல் போனது. அரிவாளை அவள் வாங்கிக்கொண்டாள். ஆளை மறைக்கும் கரும்புக்குள்ளே யார் வெட்டுகிறார் என்று எவன் எட்டிப் பார்த்தான்? ஊர் திரும்பியதும் நல்லகண்ணு வெட்டைப் போல வருமா என்று ஆளாளுக்கு மெச்சினார்கள். இருவரும் கமுக்கமாக இருந்துகொண்டார்கள்.

ஏஜெண்டின் வக்கீல் சௌந்தரபாண்டியன் கூண்டருகே வந்து தேனாகப் பேசினார். "கூட்டத்துலயே ஜாஸ்தி வெட்டுன ஆளு நீங்கதானாமே. அத்தனையும் உங்க கையால வெட்டுனதுதான?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். கடனும் தீரும், பேரும் நிற்கும். கூடவே வெட்டிய ஆம்பளைகள் அத்தனை பேரும் பின்பெஞ்சில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லைங்கய்யா," என்றான் நல்லகண்ணு. "எனக்கு இடுப்புப் போயிருச்சு. ரெண்டாம் மாசத்துலருந்து வெட்டுனது பூரா எம் பொஞ்சாதிதான். நான் உக்காந்து கரும்புச் சோகை உரிச்சேன். எங்கூலியக் கொறைச்சாலும் கொறைங்க. அவ சோறு பொங்க வந்தவன்னு மட்டும் சொல்லாதீக."

பின்பெஞ்சில் ஆண்டிச்சாமி களுக்கென்று சிரித்தான். அவன் பெண்டாட்டி முறைத்த முறைப்பில் பாதியிலேயே விழுங்கிவிட்டான். ஒத்தை மூட்டையைத் தூக்க முடியாத இந்த மனுஷனைப் போல ஒரு தைரியசாலியைத் தங்கமாரி பார்த்ததே இல்லை.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் சொன்னது உண்மையா?" என்று நீதிபதி கேட்டார்.

நாலு பேர் முன்னால் புருஷனை அவள் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அவுகளும்தான் வெட்டுனாக என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவனோ தன் மானத்தைக் கூண்டிலே இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இப்போது அதை மூடி மறைத்தால் அவன் சொன்னதெல்லாம் வீணாகிப் போகும்.

"உண்மைதாங்கய்யா," என்றாள், பின்பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி. "நான்தான் வெட்டுனேன்."