மணி அடித்ததும் வந்த வாரம்

இந்தக் காலத்து ஜனங்களை எவனாவது உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தெருமுனையில் கேமரா இருந்தால் சிக்னலில் வண்டி நிற்கும். கேமரா ரிப்பேர் என்று தெரிந்தால் கிழவன் காலில் ஏற்றிவிட்டுப் போவான். நான் லாரிக்கு டயர் மாட்டியே காலத்தை ஓட்டினவன். படிப்பு ஏறவில்லை. ஆனாலும் இது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான்.

என் வீட்டுக்காரிக்கு நுரையீரல் கெட்டுப்போய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். இருமினால் நழுவிவிடும், திரும்ப மாட்டிக்கொள்ள முடியாதபடி கையில் நடுக்கம். கட்டிலோரத்தில் ஒரு மணி இருந்தது. அமுக்கினால் தலைமாட்டில் சிவப்பு விளக்கு எரியும். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு அணைக்க வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் சாயங்காலம் வரை அவளுக்கு அந்த மணிதான் துணை.

ஒரு வாரம், ஆராய்ச்சி என்று சொல்லி ஒரு பெண் வந்து வார்டு மூலையில் நின்றாள். கையில் ஸ்டாப்வாட்ச். நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகளைச் சீர்படுத்த, மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது என்று அளக்கிறார்களாம்.

"அளந்தா நோய் குறைஞ்சிடுமா?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் வீட்டுக்காரி, மாஸ்க்குக்குள்ளிருந்து. "கடிகாரப் பொண்ணு வந்ததுலேர்ந்து கூப்பிட்ட குரலுக்கு வர்றாங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க ஒரு தடவை அப்படி வந்ததுண்டா?"

நிஜம்தான். விளக்கு எரிந்த கையோடு ஒரு நர்ஸ் வந்து நிற்பாள். அந்த வாரம் வீட்டுக்காரி ரெண்டு கவளம் கூடச் சாப்பிட்டாள். நான் வெளியே கிளம்பும்போது பயந்துபோய் என் சட்டையைப் பிடிப்பதை விட்டிருந்தாள்.

அடுத்த வாரம் கடிகாரப் பொண்ணு வரவில்லை. விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டே இருந்தது. வார்டு சிஸ்டரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவள் கோபப்படவில்லை.

"நான் ஒருத்தி, ஐயா. எத்தனை கட்டில்னு நீங்களே பாருங்க. அளக்க வராங்கன்னு மேல்மாடியிலேர்ந்து ரெண்டு சிஸ்டரைக் கொண்டாந்து விட்டிருந்தாங்க. முடிஞ்சதும் திருப்பி அனுப்பிட்டாங்க."

மத்தியானம் வெளியே அனுப்பியதும் நான் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். பின்கட்டடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நீ ஒண்ணும் அளக்க வேணாம். சும்மா வந்து மூலையில நில்லு. நீ நின்னா அந்த ரெண்டு பேரும் திரும்ப வந்துடுவாங்க."

"எந்த ரெண்டு பேர், ஐயா?"

சொன்னேன். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

"அப்ப நாங்க எடுத்த கணக்கு பூராவும்..."

"கணக்கு கிடக்கட்டும். நீ வா."

"வார்டுக்குள்ள போற அனுமதி முடிஞ்சிருச்சு, ஐயா. பெரிய டாக்டரைக் கேட்டுட்டு நாளைக்கு வரேன்."

"நாளைக்கா," என்றேன்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் உள்ளே போனேன். தலைமாட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாஸ்க் கழுத்துக்குக் கீழே கிடந்தது. அவள் விரல் இன்னும் மணியின் மேலேயே இருந்தது. சிஸ்டர் கோடிக் கட்டிலில் வாந்தி எடுக்கிற ஒருவனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. விளக்கை நானே அணைத்தேன்.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன அன்று வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வேன் டிரைவர் நின்றான். அவன் அம்மா மேல்மாடியில் இருந்தவளாம்.

"மணியடிச்சு அடிச்சு ஓஞ்சுட்டாங்க, பெரியவரே. அதுக்கு முன்ன அப்படியில்ல. திடீர்னு ஒரு வாரம் சிஸ்டருங்களையே காணோம்."

எந்த வாரம் என்று கேட்டேன். சொன்னான். என் வீட்டுக்காரி கேலி பேசிக்கொண்டு சாப்பிட்ட வாரம். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கடிகாரப் பொண்ணு ஓடி வந்தாள். அழுதிருந்தாள் போல.

"உங்களைத்தான் தேடினேன், ஐயா. நீங்க சொன்னதை அறிக்கையில போட்டுட்டோம். இனிமே முன்கூட்டிச் சொல்லாம வந்து அளக்கப்போறோம். எல்லா மாடியிலயும். அறிக்கையைப் பத்தி டாக்டருங்க கூடுற கூட்டத்துல நீங்க வந்து பேசணும்."

"அளந்து, ஆள் பத்தலைன்னு தெரிஞ்சா?"

"அரசாங்கத்துக்குச் சொல்லுவோம்."

"சொன்னா?"

டிரைவர் தன் சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். எனக்கும் கொடுத்தார்கள்.

"அதோ போறான் பாரு, அவன்கிட்ட போய்க் கேளும்மா," என்றேன். "அவங்கம்மா அடிச்ச மணியை நீ அளக்கவே இல்ல."

அவள் அவன் பின்னால் ஓடினாள். நல்ல பெண்தான். அந்த வாரமும் நல்ல பெண்ணாகத்தான் மூலையில் நின்றாள். நான் எதிர்ப்பக்க வாசல் வழியாக இறங்கி நடந்தேன்.