வாய் அடைபட்ட வெந்நீர்த் தொட்டி

பைபிளின் மேல் ஒரு கையும், உறைந்த ஏரியில் மீன் பிடிக்கும் தூண்டிலின் மேல் மறு கையும் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

மினசோட்டாவில் நாங்கள் நாலு குடும்பம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எல்லோருக்கும் சேர்த்து நிலவறையில் ஒரே வெந்நீர்த் தொட்டி. எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கிழவர் எல்மர் குளித்துவிட்டுத் துவட்டாமல் கொஞ்சம் நின்றுவிட்டார். தபால்காரர் அவரைச் சிலை என்று நினைத்துத் தொப்பியை மாட்டிவிட்டுப் போனார். அந்தச் சுண்ணாம்பு தொட்டியின் அடியில் படிந்து, தொட்டி கரடிபோல் உறுமும். மாடி வீட்டு நாய் அதற்கு மரியாதை கொடுத்துக் குரைப்பதையே விட்டுவிட்டது.

ஒருநாள் தொட்டியின் பாதுகாப்பு வால்வு சொட்டத் தொடங்கியது. வீட்டுக்காரர் டுவேன் வந்தார், அதன் குழாய் முனையில் ஒரு மூடியைத் திருகினார், போனார். சொட்டு நின்றது.

யாரும் வாய் திறக்கவில்லை. குறை சொல்வது எங்கள் ஊரில் அநாகரிகம். வீடு பற்றி எரியும்போது நலம் கேட்டாலும், "அவ்வளவு மோசமில்ல, குளிருக்கு இதமா இருக்கு" என்போம்.

தொட்டிக்கு அடுத்த அறையில் இருப்பவள் வெர்னா, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அவள் மகளின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது.

ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயக் கூடத்தில் காப்பி நேரம்.

"என்ன வெர்னா, தொட்டி எப்படி இருக்கு?" என்றார் டுவேன்.

"மோசமா இருக்கு."

கூடத்தில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கை நின்றது. காப்பியும் அந்தரத்தில் நின்றது.

"சொட்டு நின்னுடுச்சே?"

"அழுத்தம் ஏறுதுன்னு வால்வு கத்துச்சு. நீங்க அது வாயை அடைச்சுட்டீங்க. இனி சொட்டாது, வெடிக்கும். என் பொண்ணு பக்கத்துலதான் தூங்கறா."

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே?"

"இத்தனை வருஷத்துல அடி வண்டலை ஒரு தடவையாவது திறந்து விட்டீங்களா? தொட்டிக்குப் பதிலா தான் அரிச்சுப்போகணும்னே உள்ளே ஒரு கம்பி தொங்குது. அதையாவது பாத்தீங்களா?"

"பிடிக்கலைன்னா காலி பண்ணு."

"பண்ண மாட்டேன். தொட்டிக்குப் போற கேஸை மூடிப் பூட்டிட்டேன். வால்வை மாத்தற வரைக்கும் யாரும் திறக்கவும் முடியாது."

"ஜனவரியில பச்சத்தண்ணியா? மத்தவங்க ஒத்துக்குவாங்களா?" டுவேன் எங்கள் பக்கம் திரும்பினார்.

எல்மர் எழுந்தார். பிறந்ததிலிருந்து குறை சொல்லாத மனிதர். "மோசம்."

"எல்மர்! சபையில என்ன பேச்சு இது?" என்று அதட்டினாள் அவர் மனைவி. பிறகு அவளும் எழுந்தாள். "படுமோசம்."

கூடமே எழுந்தது. பாதிரியார்கூட, "காப்பியும் மோசம்தான்" என்றார்.

குழாய்க்காரர் வரும்வரை பச்சைத்தண்ணீர்தான். எல்மர் தாடியைச் சிரைக்கவில்லை, உடைத்தெடுத்தார். பிறகு புது வால்வு வந்தது. உள்ளே இருந்த கம்பி சேமியாவாக மெலிந்திருந்தது, அதையும் மாற்றினார்கள். வெளியே வந்த வண்டலில் தேவாலயத்துக்கே வெள்ளையடித்தோம்.

டுவேன் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். வெர்னா விடவில்லை. "வருஷா வருஷம் வண்டலைத் திறந்து விடுங்க. கம்பி கரையறதுக்குள்ள மாத்துங்க. சொட்டற வாயை மட்டும் அடைக்காதீங்க. அடைச்சா சத்தந்தான் நிக்கும், ஆபத்து நிக்காது. பாத்துட்டு சும்மா இருக்கறவனும் அந்த மூடியைத் திருகினவன்தான்!"

அந்த மூடி இன்றைக்கும் டுவேன் கையில்தான் இருக்கிறது; எங்கள் வால்வின் வாய் திறந்தே இருக்கிறது.