மேலகரத்துப் பிக்கப்

குற்றாலீஸ்வரன் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று மேலகரத்துக்கு வந்த கையோடு, வடகரையில் ஒரு தேங்காய்க் கிட்டங்கிக்குப் பின்னால் கோழி அடைந்துகிடந்த பழைய ஜீப் பிக்கப்பை வாங்கிவந்து முற்றத்தில் போட்டார். அதற்கு இடம் வேண்டுமென்று மனைவி ஆனந்தவள்ளி வைத்த முருங்கையை வெட்டினார். "இனிமே நமக்கு இதுதான் சோலி" என்றார். 'நமக்கு' என்று அவர் சொன்னது அவளுக்குப் போகப்போகத்தான் விளங்கியது.

எஞ்சின் வேலைக்கு மட்டும் தென்காசியிலிருந்து அகமது கபீர் என்ற மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். மற்ற நாளெல்லாம் அவள்தான் கையாள். உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தாள். பழைய பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டியபோது, குழாயில் இருந்த காற்று வெளியேறும்வரை பெடலை மிதித்துக்கொண்டே இருந்தாள். வண்டிக்கடியில் படுத்திருப்பவருக்கு ஸ்பேனரை அளவு மாற்றிக் கொடுத்துவிட்டால், அதாலேயே கணுக்காலில் ஒரு போடு விழும். ஒருதடவை பின்கதவு விழுந்து அவள் விரல் நசுங்கியது. அவர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லவேள, நெளியல" என்றார்.

ஒரு வைகாசியில், சுரண்டையிலிருந்து அவள் தம்பி போன் பண்ணினான்.

"அம்மா கண்ணு முழிக்க மாட்டுக்காளாம். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்திருதேன்" என்றாள் கணவரிடம்.

"மானம் கருத்துக்கிட்டு வருது. சாரல் விழுந்துட்டுன்னா பிரைமர் பெயிண்ட் காயாது. அடிச்சு முடிச்சிட்டு நாளைக்குப் போடி."

அவள் கம்ப்ரசர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் போனபோது அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். முகத்தைத் தொட்ட அவள் நகக்கண்ணில் சாம்பல்நிறப் பெயிண்ட் இருந்தது.

ஆடியில் வண்டி முடிந்தது. குற்றாலத்துக்கு ஓட்டிப்போனார். அருவிக்கு வந்தவர்களெல்லாம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்களாம். புதுச் சீட்டு அழுக்காகும் என்று அவளை ஏற்றவில்லை.

ஆவணியில் ஒரு காலை, பானட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறது என்றார் டாக்டர்.

ஆனந்தவள்ளி அவரை நாற்காலியில் வைத்து, வண்டியைப் பார்க்க வாசலில் உட்காரவைத்தாள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு டூல்பெட்டியை எடுத்துவந்து ஹெட்லைட்டைக் கழற்றினாள். துடைக்கத்தான் எடுக்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் அவள் அதைக் கொடுத்தபோதுதான் அவர் தொண்டைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது.

அடுத்த வாரம் ஸ்டியரிங். அதற்கடுத்து ஒரு கதவு. ஒவ்வொரு தடவையும் அவர் எதிரில் குனிந்து, "இன்னைக்கு எத எடுக்கட்டும்? கண்ணால காட்டுங்க" என்று கேட்பாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அவர் திறக்கும்வரை ஸ்பேனரோடு காத்திருப்பாள்.

சேதி கேட்டு அகமது கபீர் ஓடிவந்தான்.

"என்ன மதினி இது? வேண்டாம்னா சொல்லுங்க, முழு வண்டியா வாங்க ஆள் நிக்காங்க. அண்ணாச்சி மனசும் ஆறும்."

"முழுசாக் குடுத்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா."

கபீர் நாற்காலியைப் பார்த்தான். அவர் கன்னத்தில் நீர் வடிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

அவரை அவள் ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். நேரத்துக்கு மாத்திரை, குழைந்த சோறு. முதுகில் ஒரு புண் இல்லை. "இவ்வளவு நல்லா யாரும் பாக்கறதில்லம்மா. ரொம்ப நாள் இருப்பாரு" என்று டாக்டர் சொன்னார். "இருக்கணும் டாக்டர்" என்றாள் மனதார.

கடைசியில் அடிச்சட்டத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். முற்றத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்தது. அவள் அவர் முன்னால் போய் நின்றாள். எத்தனையோ நாளாய்ச் சொல்ல வைத்திருந்தது நாக்கு நுனிவரை வந்தது. அவர் தலையைச் சாய்த்து, அவளைத் தாண்டி, வண்டி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடப்பக்கம் நகர்ந்தாள், வலப்பக்கம் நகர்ந்தாள். அவர் கண் ஒருதடவைகூட அவள்மேல் நிற்கவில்லை.